யாருடைய ஆறு மணி

வாழ்த்துமடல் இன்னும் முடியவில்லை.

அவர் நின்றுகொண்டிருந்தார். வாசித்து முடிக்கும்வரை நிற்க வேண்டும், அதுதான் முறை. தோளில் மூன்று பொன்னாடைகள். பங்குனி வெயில் தகரக் கூரை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. கால் மாற்றி நின்றார். மறுபடி மாற்றினார்.

தலைமையாசிரியை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"இரு நாடுகளின் போரை நிறுத்திய எங்கள் ஊர்த் தூதரே!"

கைதட்டல்.

அடுத்தது அந்த வரி. அவருக்குத் தெரியும். பத்து நாளுக்கு முன்பே பிழை பார்க்க அனுப்பியிருந்தார்கள். பிறந்த வருடத்தைத் திருத்தினார். விட்டுப்போன ஓர் ஒற்றெழுத்தைச் சேர்த்தார்.

அந்த வரியைத் தொடவில்லை.

"காலை ஆறு மணிக்கு ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. அதன் பிறகு ஓர் உயிரும் போகவில்லை!"

கைதட்டல் நிற்கவே இல்லை.

ஒப்பந்தத்தில் காலை ஆறு மணி என்றுதான் இருந்தது.

யாருடைய ஆறு மணி என்று இல்லை.

கிழக்கு நாட்டின் கடிகாரம் மேற்கு நாட்டுடையதைவிட அரை மணி முந்தி ஓடும். எந்த நாட்டு நேரம் என்று பேச்சை எடுத்திருந்தால் இரு தரப்பும் மேசையை விட்டு எழுந்து போயிருக்கும். அதனால் எடுக்கவில்லை. அவருடைய தொழிலில் அதற்குச் சாமர்த்தியம் என்று பெயர்.

கிழக்கே ஆறு அடித்ததும் ஜனங்கள் பதுங்குகுழிகளிலிருந்து வெளியே வந்தார்கள். வீடு பார்க்க எல்லையோரப் பாலத்தில் ஏறினார்கள்.

மேற்கே இன்னும் அரை மணி நேரப் போர் பாக்கி இருந்தது.

பதினொரு பேர்.

மடலைக் கண்ணாடிச் சட்டத்தோடு கையில் கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள்.

"ஏற்புரை சார்," என்றார் விழாத் தலைவர், காதோரமாக. "சுருக்கமாவே போதும். இலை போட்டாச்சு."

மைக்குக்கு முன்னால் போனார். சட்டத்தைத் திருப்பினார். பின்னால் அட்டை. மூலைக்கொன்றாக நான்கு திருகாணிகள்.

"யார்கிட்டயாவது ஸ்க்ரூடிரைவர் இருக்கா?"

அரங்கமே சிரித்தது. தலைவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

மைக்செட்காரர் மட்டும் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துவந்து நீட்டினார்.

முதல் திருகாணி கழன்று வந்தது. மேசைமேல் வைத்தார்.

சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கியது.

தலைமையாசிரியை பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தார். "பிழை எதுவும் விட்டுட்டோமா சார்?"

"நீங்க விடலம்மா. பேனா இருக்கா?"

இரண்டாவது திருகாணி இறுக்கமாக இருந்தது.