குறுக்குச் சுவர்

ஊர் கட்டும் அந்த கேமில் ஆடுகிறவர்களே வீடு வடிவமைத்து எல்லோருக்கும் கொடுக்கலாம். யாமினி தான் பிறந்த வீட்டைக் கட்டிக் கொடுத்திருந்தாள். பாகப்பிரிவினையின்போது அண்ணன் கதிரேசன் கூடத்தின் குறுக்கே எழுப்பிய சுவரை மட்டும் கட்டவில்லை.

இன்று காலை, கேமில் அந்த வீட்டை எடுத்து ஆடிக்கொண்டிருந்த அண்ணனே போன் செய்தான்.

"என்ன வீடு கட்டியிருக்க? பின்னறையில ஒரு கிழவியக் குடிவச்சேன். அடுப்படிக்கு வரமாட்டேங்குது. பசின்னு தலைக்கு மேல சிவப்பா எரியுது."

அவன் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் ஏதோ குறைகிறதென்று அதே சுவரை அவனே வைத்திருந்தான். கிழவி அதில் முட்டிக்கொண்டு நின்றாள்.

"சுவரு வச்சியே, வழி விட்டியா?"

"அட, ஆமா!" சிரித்தான். "இடிச்சாப் போச்சு." செங்கல் சரியும் சத்தம் கேட்டது. "பாரு, எப்படி ஓடி வருதுன்னு!"

"அம்மா அந்தப் பின்னறையில மூணு வருஷம் பசியோட கிடந்து செத்துச்சே. அப்ப எங்கடா போச்சு இந்தக் கை?"

அண்ணனை அவள் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. போனில் கிழவி சாப்பிடும் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.