தவழ்ந்து வர வேண்டும்

"வண்டிய ஸ்கூலுக்குப் பின்னாடி விட்ருங்க அண்ணாச்சி. தவழ்ந்து வந்தாத்தான் பார்க்கிறவங்களுக்கு மனசு இளகும்," என்றார் டிரஸ்ட் மேனேஜர்.

விட்டான்.

கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி. சுற்றிச் சுற்றியே தோள் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன.

மேடைக்கு முன்னால் ரிப்பன் கட்டிய ஸ்கூட்டர் நின்றது. பின்னால் இரண்டு சக்கரம், பெட்ரோலில் ஓடுவது. அது கிடைத்தால் கழுகுமலைச் சந்தை வரை போய் செல்போன் கவர் விற்கலாம். கிடைக்காவிட்டால் தெருமுனையோடு சரி.

வீட்டுக்குள் தவழ்வது வேறு. இது ஊர்.

தவழ்ந்தான்.

மைதானம் முழுக்க சரளை. சிவப்புக் கம்பளம் மேடைக்கு மட்டும்.

கூட்டத்தில் அவன் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். மகள் குனியவில்லை.

மைக்கில் மேனேஜர் தழுதழுத்தார். கூலிக்கு மாரடிக்கிற குரல்.

போட்டோகிராபர் கை காட்டினார்.

"சரியா விழல அண்ணாச்சி. இன்னொரு வாட்டி அங்கேருந்து வாங்க."

திரும்பிப் போனான். மறுபடி வந்தான். முழங்கையில் தோல் வழன்றது.

டிரஸ்ட் தலைவர் இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், செண்ட் வாசனை. முகத்தில் கருணையைப் பவுடர் மாதிரி அப்பியிருந்தார். இரண்டு விரலுக்கு நடுவே சாவி. விரல் அவன் மேல் பட்டுவிடக் கூடாதே என்கிற மாதிரி.

நீட்டினார்.

எட்டவில்லை.

அவன் கை தரையில் இருந்தது, உள்ளங்கை மேலே பார்த்து.

தலைவர் குனிந்தார். தொப்பை தடுத்தது.

"கையத் தூக்குப்பா," என்றார், சிரிப்பு கலையாமல், பல்லுக்குள்.

"தோள் தூக்க வரலீங்கய்யா."

கேமரா காத்திருந்தது. ஊர் காத்திருந்தது.

தலைவர் ஒரு முழங்காலை ஊன்றினார். பிறகு மற்றதை. சரளை குத்தியது முகத்தில் தெரிந்தது. பவுடர் அங்கேயே உதிர்ந்தது.

சாவி உள்ளங்கையில் விழுந்தது. விரல்களை மூடினான்.

கைதட்டல்.

எழுந்திருக்க யாருடைய கையையாவது தேடினார் தலைவர். மேனேஜர் மைக்கை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

அவன் போட்டோகிராபரைத் திரும்பிப் பார்த்தான்.

"சரியா விழுந்துச்சா தம்பி? இல்லாட்டி ஐயா இன்னொரு வாட்டி வருவாக."

போட்டோகிராபர் கேமராவின் திரையைப் பார்த்தார். அவன் முழங்கையைப் பார்த்தார்.

சரியா விழல என்று தலையாட்டினார்.