கார்பைன் தாண்டவராயன்

துப்பாக்கியைக் கையில் பிடித்தாலே இந்த மனுஷனுக்கு நடுங்குகிறது, தோளில் வைத்தால் மட்டும் நின்றுவிடுமா என்று சொக்கம்மாள் நினைத்துக்கொண்டாள்.

அவள் கணவன் தாண்டவராயன், சிங்கப்பூர் மச்சான் ஒளித்துக் கொண்டுவந்த உதிரிபாகப் பொட்டலத்தைப் பிரித்து, தன் கைத்துப்பாக்கியின் பின்னால் தோள்கட்டையைத் திருகிக்கொண்டிருந்தான்.

“இனிமே இது பிஸ்டல் இல்லடி, தோள்ல வச்சு சுடற கார்பைன்! கூலி ஏத்திக் கேட்டுக்கினு முனியன் ஆளுங்க வரட்டும். ஒருத்தன் கால்லயாவது சுடாம வுடமாட்டேன்.”

“அப்பால கதிர யாரு அறுக்கறது, இந்தக் கார்பைனா?”

“வாய மூடு.”

குண்டு போடுமுன் குழாய்க்குள் எட்டிப் பார்த்தவன் திடுக்கிட்டான். உள்ளே மஞ்சளாக ஏதோ கல்லாய் இறுகிக் கிடந்தது.

“இன்னாடி இது?”

“சந்தனந்தாங்க. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நீங்கதான வைக்கச் சொல்றீங்க?”

“வெளிய பொட்டு வைக்கச் சொன்னா, உள்ளயா அடைப்ப?”

முனியனின் நெஞ்சுக்கு நேராக அவன் துப்பாக்கியை நீட்டிய வருஷத்திலிருந்து, அவனுக்குத் தெரியாமல் உள்ளேயும்தான் அடைத்துவந்தாள்.

வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. தாண்டவராயன் அவசரமாக ஒரு குடைக்கம்பியை நீட்டினான்.

“வந்துட்டானுங்க. சீக்கிரம் குத்தி எடுடி!”

சொக்கம்மாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“சாமிக்கு வச்ச சந்தனங்க. நான் கலைக்கமாட்டேன்.”