படையல் இலையில் கருவாடு

"பாவி, உப்பில்லாச் சோத்தைப் போட்டே என் தம்பிய அனுப்பிட்டியேடி!"

ஜீவானந்தத்தின் பதினாறாம் நாள் காரியம். செம்பாக்கம் வீட்டுக் கூடத்தில் அவர் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. ஒரு பக்கம் அவர் மனைவி காந்திமதி. மறுபக்கம், மாரில் அடித்துக்கொண்டு அவருடைய அக்கா செல்லியம்மாள்.

கூடியிருந்த சொந்தபந்தத்துக்கு இது போதாதா?

"மனுஷன் ருசியா ஒரு வாய் தின்னிருப்பாரா?"

"ஊறுகா பாட்டிலைப் பீரோவுல வெச்சுப் பூட்டினவளாச்சே!"

அதென்னவோ உண்மைதான். ரெண்டு வருஷமாக அந்த வீட்டுச் சமையலில் உப்பு கிடையாது. அப்பளம் கிடையாது. ஜீவானந்தம் தட்டைத் தள்ளுவார், கத்துவார். காந்திமதி மசிய மாட்டாள். அவளும் அதே சோற்றைத்தான் தின்றாள் என்பதை மட்டும் யாரும் பேசவில்லை. பேசவும் மாட்டார்கள்.

அவ்வளவு காத்தும், தாம்பரத்தில் தன் மிக்ஸி ரிப்பேர் கடையிலேயே சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாம். வேளச்சேரிக்குப் புதிதாக விட்ட பறக்கும் ரயிலில் ஒருநாள் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தார். அதுவும் நடக்கவில்லை.

பக்கத்து வீட்டு நர்ஸ் பியூலாவிடம் அன்றிலிருந்து காந்திமதி கேட்பது ஒரே கேள்வி.

"உப்பே போடலையேக்கா. அப்புறம் எப்படி பிரஷர் ஏறிச்சு? நான் எங்கே தப்பு பண்ணினேன்?"

பியூலா மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார்த்தாள். மாத்திரையும் ஒழுங்காகத்தான் போட்டார். டாக்டரே உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

செல்லியம்மாள் பெரும்பாக்கத்திலிருந்து கொண்டுவந்திருந்த தூக்கைத் திறந்தாள். நெத்திலிக் கருவாட்டு வறுவல். அள்ளி இலை நிறைய வைத்தாள்.

"துன்னுடா ராசா. இனிமே உன்ன யாரு தடுப்பா?"

பியூலாவுக்குப் பொறுக்கவில்லை.

"அப்படிப் பேசாதீங்கக்கா. டாக்டர் சொல்லித்தானே காந்தி உப்பை நிறுத்தினா? உங்க அப்பாவும் இப்படித்தானே திடீர்னு போனாரு? அவரோட உடம்பு வாகு இவருக்கு வந்திருக்கு. சில பேருக்கு எவ்வளவு உப்பு தின்னாலும் வெளியே போயிடும். இவருக்கு உள்ளேயே தங்கி பிரஷரை ஏத்திடும்."

"இன்னாம்மா கதை வுடுற? நானும் அதே அப்பனுக்குப் பொறந்தவதான். மூணு வேளையும் கருவாடுதான் துன்றேன். எனக்குப் பிரஷர் பாத்தது நீதானே? நார்மலா கீதுன்னு சொன்னியா இல்லியா?"

"ஒரே வயித்துல பொறந்தாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி வராதுக்கா."

"சும்மா இரு. இது ஆளக் கொல்லும்னா மொதல்ல என்னையில்ல கொன்னிருக்கணும்? ஒரே சட்டி. எனக்கு ஒரு பங்கு, அவனுக்கு ஒரு பங்கு. மார்க்கெட்டுக்கு வர்றப்பல்லாம் அவன் கடையில குந்தி, என் கையால ஊட்டிட்டுத்தான் போவேன். கடைசி நாளு கூட ஒரு துண்டு மிச்சம் வைக்கல என் புள்ள. வாய்க்கு ருசியா துன்னுட்டுத்தான் போனான்!"

காந்திமதிக்குக் காது அடைத்துப்போயிற்று.

பியூலா முகம் வெளுத்து நிமிர்ந்தாள். "அக்கா, அப்போ நீங்களா..."

காந்திமதி சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

அவளுக்கும் கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. ரெண்டு வருஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டு காத்த உயிர். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கூடமே அவள் பக்கம் திரும்பிவிடும்.

செல்லியம்மாளைப் பார்த்தாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். ஒரு துண்டுக் கருவாட்டை எடுத்து, படத்தில் தம்பியின் வாய்க்கு நேராக வைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் எண்ணெய் வழிந்தது.

ஊட்டி முடித்துத் திரும்பினாள்.

"ஊமை மாதிரி நிக்காதடி. எல்லார் முன்னாடியும் ஒத்துக்க. எது என் தம்பியக் கொன்னுச்சு?"

பியூலாவின் கையை இன்னும் விடாமல், தலையைக் குனிந்துகொண்டாள் காந்திமதி.

"உப்பில்லாச் சோறுதான் அண்ணி."