வேண்டாத குடை

கடையில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அவர் உள்ளே நுழைந்தார். முகமெல்லாம் வியர்வை. வலது கை தோள்பைக்குள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது.

கல்லாவில் இருந்த கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பைக்குள்ளிருந்து கை மெல்ல வெளியே வந்தது. கையில் ஒரு குடை.

"இதைத் திருப்பி எடுத்துக்கணும்" என்றார் வந்தவர். சொல்லி முடிப்பதற்குள் நாக்கு வறண்டுவிட்டது.

அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் அவர். கட்டுக்கட்டான தாள்களில் தப்பைப் பிடித்தவர், எதிரே நிற்கும் மனிதரிடம் 'இது தப்பு' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. செருப்புக் கடையில் இரண்டும் இடதுகாலாகக் கட்டிக் கொடுத்ததை, திருப்பிக் கேட்கப் பயந்து, தேயத் தேயப் போட்டு நடந்தார். பயம் முற்றி வேலைக்குப் போவதையே நிறுத்தியபோது, மனைவிதான் மனநல டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனார்.

"நல்ல பொருளைக் காரணமே சொல்லாம திருப்பிக் கொடுங்க. பயம் ஏறும். ஓடாம நின்னீங்கன்னா தானா இறங்கும்" என்று டாக்டரம்மா வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார். இதைத் தாண்டினால்தான் திங்கட்கிழமை அச்சகத்துப் படியை மிதிக்கத் தைரியம் வரும்.

பிழை திருத்துகிறவரும் லேசுப்பட்டவர் அல்ல. ஊரிலேயே இளிச்சவாய்க் கடையாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார். இந்தக் கடைக்காரருக்குப் பட்டப்பெயரே 'சரிங்க'. கிழிந்த பையைக் கொண்டுவந்து புதுசு கேட்டாலும் "சரிங்க" என்பார்.

"குடை ஓட்டையா?" என்றார் கடைக்காரர்.

"இல்லைங்க."

"கம்பி வளைஞ்சிருக்கா?"

"இல்லைங்க. அருமையான குடை."

"பின்னே?"

"வேண்டாம்."

கடைக்காரர் குடையையே பார்த்தார். தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றும் அவர் நெற்றி வியர்த்தது. எச்சிலை விழுங்கி, மூச்சை மெதுவாக இழுத்து விட்டார்.

"முடியாது!"

பூனை என்று நினைத்துத் தொட்டது புலியாகிவிட்டதே! பிழை திருத்துகிறவரின் கால்கள் தாமாக வாசல் பக்கம் திரும்பின. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். காது அடைத்தது, நெஞ்சு படபடத்தது, அப்புறம், அட, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் இறங்கியது. கூரையும் இடிந்து விழவில்லை.

"பரவாயில்லைங்க. கேட்டுப் பார்த்தேன்" என்றார்.

"நாளைக்கு வந்து கேட்டாலும் முடியாது!" கடைக்காரர் இன்னும் உரக்கச் சொன்னார்.

குடையோடு வெளியே வந்தவருக்குக் கால் தரையில் பாவவில்லை. இப்பேர்ப்பட்ட முரட்டு ஆசாமியையே சமாளித்தாயிற்று, அச்சக முதலாளி எம்மாத்திரம்! சந்தோஷத்தில் அங்கேயே நின்று டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். லைன் பிஸி.

மறுபடி போட்டார். அப்போதும் பிஸி. யாருடன்தான் இவ்வளவு நேரம் பேசுகிறார் என்று அலுத்துக்கொண்டபோது, கடைக்குள்ளிருந்து கடைக்காரரின் குரல் தழுதழுத்துக் கேட்டது.

"டாக்டரம்மா, ஒருத்தர்கிட்ட 'முடியாது'ன்னு சொல்லிட்டேன்!"