ஃப்ரிட்ஜ் தண்ணீர்த் தகராறு

ஃப்ரிட்ஜ் தண்ணீர் குடித்தால் சளி பிடிக்குமா என்று அம்பத்தூரில் தனியாக இருக்கும் ஏகாம்பரமும் தூத்துக்குடி ஜெசிந்தாவும் இணையக் குழுவில் வருஷக்கணக்காக மல்லுக்கட்டினார்கள். நேரில் பார்த்ததே இல்லை. பிடிக்காது என்பது ஏகாம்பரத்தின் கட்சி.

அவர் அசந்திருந்தால் ஃபோனில் இருக்கும் 'பதிலி' என்ற ஏஐ செயலி அவர் பெயரிலேயே பதில் போட்டுவிடும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. குளியலறையில் வழுக்கி விழுந்து அவர் நினைவில்லாமல் கிடந்த அன்றும் அது கடமை தவறவில்லை.

மருத்துவமனையில் கண் விழித்ததும் தங்கை ஃபோனை நீட்டினாள். லைனில் ஜெசிந்தா. "கதவை உடைக்க ஆள் அனுப்பினது இவங்கதான்."

"எப்படிம்மா தெரிஞ்சுது?" என்றார் ஏகாம்பரம்.

"'நீங்கள் சொல்வதும் சரிதான்'னு உங்க பேர்ல பதில் வந்துச்சு. நல்லா இருந்தா நீங்க அப்படிச் சொல்ல மாட்டீங்களே சார்," என்றாள் ஜெசிந்தா. "உடனே அம்பத்தூர்ல இருக்கிற நம்ம குழுக்காரங்களை உங்க வீட்டுக்கு விரட்டினேன்."

ஏகாம்பரம் எழுந்து உட்காரப் பார்த்தார். "உங்களுக்கு நான் எப்படி..."

"நன்றியெல்லாம் வேண்டாம். குரல் கரகரங்குதே, ஃப்ரிட்ஜ் தண்ணியா?"

ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க சொல்றது சுத்தத் தப்பும்மா," என்றார், ஃபோனைப் பார்த்துக் கைகூப்பியபடி.

"அப்பாடா," என்றாள் ஜெசிந்தா.