கதவில் ஒட்டியிருந்த எடை

"பேராசைப்பட்டு அளவுக்கு மேல ஏத்திட்டாரு," என்று என் கணவரின் துக்கத்துக்கு வந்தவர்களே பேசிக்கொண்டார்கள்.

எங்கள் பிக்கப், இன்னொருவரிடம் பழசாக வாங்கிய வண்டி. டிரெய்லரில் எவ்வளவு ஏற்றி இழுக்கலாம் என்று அதன் கதவோரம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். டிரெய்லரை மாட்டும்போதெல்லாம் அவர் அதைத் துடைத்துப் படிப்பார்.

"மச்சான், பரீட்சைக்கா படிக்கறீங்க? ஒரு மூட்டைதானே, ஏத்துங்க!" என்பான் என் தம்பி.

"உங்கக்கா பக்கத்துல உக்காந்து வர்றாடா. ஒரு கிலோ கூட ஏத்த மாட்டேன்."

அன்றும் சிமென்ட் மூட்டைகளை எடைபோட்டுத்தான் ஏற்றினார். இறக்கத்தில் பிரேக்கை அழுத்தி மிதித்தும், டிரெய்லர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாறையில் மோதியது. நான் மட்டும் பிழைத்தேன்.

நொறுங்கிய வண்டி பட்டறையில் கிடந்தது.

"இவ்வளவு பாரத்தை இந்த வண்டி தாங்காதும்மா," என்றார் மெக்கானிக்.

"கதவுல போட்டிருக்கிற அளவுக்குத்தாங்க ஏத்தினாரு!"

அவர் கதவின் பெயிண்டைச் சுரண்டினார். அடியில் வேறு நிறம் தெரிந்தது.

"இது பெரிய வண்டியோட கதவும்மா. உங்களுக்கு விக்கறதுக்கு முன்னாடியே யாரோ மாத்தி மாட்டியிருக்காங்க."

முந்தானையால் அந்தச் சீட்டைத் துடைத்துப் படித்தேன். அவர் ஒரு கிலோ கூட மீறவில்லை.